பொலிஷ் போடக் கொடுத்த தாலிக்கொடி

பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோஜினி பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுச் செல்லும் பத்தொன்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. வயது முப்பத்தாறு. உயர்தர வகுப்பு வரை படித்தவர், கையெழுத்து தெளிவானது. கடனும் சேமிப்பும் பற்றி ஓர் ஆலோசனைத் தாள் எழுதும் பொறுப்பை, 2025 ஜூலையில், தோட்டத்து மாதர் சங்கம் அவரிடம் கொடுத்ததற்கு இவையே காரணம்.

நகரத்திலிருந்து வந்த அச்சுத் தாள் ஒன்று ஏற்கெனவே இருந்தது. சங்கத் தலைவி சரோஜாதேவி அதைக் கூட்டத்தில் வாசித்தார். மாத வருமானத்தில் ஐந்திலொரு பங்கைச் சேமிக்க வேண்டும், வெளியே சாப்பிடுவதைக் குறைக்க வேண்டும் என்றது அந்தத் தாள்.

"நாம வெளியில சாப்பிடுறது உண்மதான்," என்றார் கொழுந்து எடுக்கும் பூரணி. "மலையில நின்னுக்கிட்டே சாப்பிடுறோம்."

சிரிப்பு அடங்கியபின், நமக்கானதை லோஜினியே எழுதட்டும் என்று முடிவாயிற்று.

லோஜினி பன்னிரண்டு வீடுகளின் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். தீபாவளி முற்பணம், கோயில், சந்தா, மரண உதவி என்று கழிபட்டவற்றைத் தனித்தனியே எழுதினார். மழை மாதங்களில் வேலைநாள் குறையும்போது எந்தத் தவணையை முதலில் கட்டுவது, கடைக்கடனை எப்படி இரண்டு மாதங்களுக்குப் பிரிப்பது என்பவற்றை இரண்டு இரவுகளில் எழுதி முடித்தார். அடகு பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

அவருடைய தாலிக்கொடி மூன்று வருடங்களாக ஹட்டனில் அடகில் இருந்தது. கோதுமை மா கிலோ நானூறு ரூபா வரை ஏறிய 2022இல், கணவர் தனுஷன் வேலை பார்த்த கொழும்புக் கடை ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. லோஜினி தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கொடியை அடகு வைத்தார். கேட்டவர்களிடம், பொலிஷ் போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டவரும் மேலே கேட்பதில்லை. பெரும்பாலும் அவருடைய கழுத்திலும் மஞ்சள் கயிறுதான் இருக்கும்.

தங்கத்தின் விலை ஏற ஏற, ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதே கொடியின் மேல் கூடுதலாகப் பணம் எடுத்து, பழைய வட்டியை அதிலேயே கட்டினார். ஒரு பவுன் கொடியின் மேல் கடன் இப்போது ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். இந்த முறை கூடுதலாக எதுவும் தர முடியாது என்று அடகுக்கடையில் சொல்லிவிட்டார்கள். வட்டி இருபத்தேழாயிரத்து எழுநூற்றைம்பது. ஆகஸ்ட் 14ஆம் திகதிக்குள் கட்டாவிட்டால் கொடி ஏலத்துக்குப் போகும்.

புதன்கிழமைகளில் வரும் குழுக்கடன்காரர் நாற்பதாயிரம் தரத் தயாராக இருந்தார். நான்கு பெண்கள் பிணை நிற்க வேண்டும். சரோஜாதேவியிடமும் பூரணியிடமும் மட்டும் லோஜினி உண்மையைச் சொன்னார். சரோஜாதேவி தாமாகவே முன்வந்தார்.

"நான் கையெழுத்து வைக்கிறேன் புள்ள. கொடிய ஏலத்துல விட்றாத."

பூரணியும் சம்மதித்தார். தொலைபேசியில் தனுஷன், உனக்குச் சரியென்று படுவதைச் செய் என்றார். பிறகு, அங்கே மழையா என்று கேட்டார். மழைதான் என்றார் லோஜினி.

அன்று மாலை குழந்தைகள் போனபின், ஆலோசனைத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கடன் எடுத்தால் இந்த வருட வட்டி தீரும். கொடி வீட்டுக்கு வராது. அடுத்த ஆகஸ்டில் மறுபடி வட்டி. இடையில் ஒரு வாரம் தவணை தவறினால் கடன்காரர் பூரணியின் வாசலில் போய் உட்காருவார். பூரணி இதே கணக்கோடு தன்னிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தார். பதில் உடனே கிடைத்தது. அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

12ஆம் திகதி, அடகு நகையை மீட்டு விலைக்கு வாங்கும் ஹட்டன் கடையொன்றுக்குப் போனார். கடைக்காரர் கூடவே அடகுக்கடைக்கு வந்து கடனையும் வட்டியையும் கட்டி, கொடியை மீட்டு நிறுத்தார். விலை இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம். கழித்து மிஞ்சியது பதினெட்டாயிரத்து இருநூற்றைம்பது. கொடியைச் சிறிய பொலித்தீன் பையில் போட்டு இலக்கம் எழுதுவதை லோஜினி பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை. திரும்பும் பேருந்தில் ஜன்னலோர ஆசனம் கிடைத்தது. பாதி வழியில், பிள்ளைக் காம்பராவுக்குக் கைகழுவும் சவர்க்காரம் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தாளை வாசிக்கும் முன், கடன் என்னாயிற்று, எப்போது கையெழுத்து வைக்க வேண்டும் என்று சரோஜாதேவி கேட்டார்.

"வேணாம் அக்கா. கொடிய வித்துட்டேன்," என்றார் லோஜினி. "பொலிஷ் பட்டறையில ஒண்ணும் இல்ல. மூணு வருசமா அடகுலதான் இருந்துச்சு."

அவர் தாளை எடுத்து, கடைசியாக எழுதிய பகுதியை முதலில் வாசித்தார்: "அடகு வட்டியைக் கட்ட வேறு கடன் எடுக்க வேண்டாம். மூன்று வருடம் மீட்க முடியாத நகையை, ஏலத் திகதிக்கு முன்பே விற்று மிச்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்து வெறுமையாகத்தான் இருக்கும். அது இப்போதும் அப்படித்தான் இருக்கிறது."

பூரணி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த பற்றுச்சீட்டொன்றை எடுத்து நீட்டினார்.

"என்னோடதும் பொலிஷுக்குத்தான் போயிருக்கு," என்றார். "இதுல என்ன தேதி போட்டிருக்குன்னு பாரு."