திருவாதிரைப் பாடம்

எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளிய அம்மாவின் சம்பளத்தில் படித்து, அதே எஸ்டேட் பள்ளிக்கு டீச்சராக வந்தவள் செல்வலட்சுமி. தேயிலை பேக்டரியில் பர்னஸுக்கு விறகு தள்ளிய அருண்பாண்டியை அவள் விரும்பிக் கட்டிக்கொண்டபோது, "டீச்சருக்கு வேற ஆளா கெடைக்கல?" என்று லயம் முழுக்கக் கேட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவனை நெஞ்சுவலியென்று ஜீப்பில் ஏற்றினார்கள். தேவிகுளம் ஆஸ்பத்திரி வருமுன்பே உயிர் போய்விட்டது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். மயானத்துக்குப் பெண்களும் பிள்ளைகளும் போகிற வழக்கம் அங்கே இல்லை.

"அப்பாவ எங்கம்மா வச்சிருக்காங்க?" என்று மகள் மோனிஷா ஓயாமல் கேட்டாள். தான் பார்க்காத இடத்தைச் செல்வலட்சுமி எப்படிச் சொல்வாள்? ஒரு சாயங்காலம் கிழக்கு மலைக்கு மேல் திருவாதிரை நட்சத்திரம் தெரிந்தது. பர்னஸின் வாயைப்போலச் சிவந்திருந்ததால் அதையே காட்டி, "அந்தா, அதான் அப்பா" என்றாள். பிள்ளை அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டது. பிறகு பனி மூடாத சாயங்காலங்களில் வாசலில் நின்று பள்ளிக்கூடக் கதையெல்லாம் அந்த நட்சத்திரத்திடம் சொல்லும். மழைக்காலத்தில் அது கண்ணில் படாவிட்டால் மார்கழிக்காகக் காத்திருக்கும்.

இந்த ஜனவரியில் பள்ளியில் அறிவியல் வாரம் வந்தது. தலைமையாசிரியர் ஜின்சன், நாலாம் வகுப்புக்கு நட்சத்திரங்களின் வாழ்க்கையை எடுக்கச் சொன்னார். அந்த வகுப்பில்தான் மோனிஷா படித்தாள். பாடத்தைப் புரட்டிய செல்வலட்சுமியின் விரல் ஒரு வரியில் நின்றது. பெருத்துச் சிவந்தவை சாகப்போகும் நட்சத்திரங்கள் என்றும், அதற்கு உதாரணம் திருவாதிரை என்றும் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இன்று மறைத்தால் என்றைக்காவது வேறு யாராவது சொல்லுவார்கள். அப்போது பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

மறுநாள் வகுப்பில் சொன்னாள். வாயுவும் தூசியும் திரண்டு நட்சத்திரம் பிறக்கும். உள்ளே எரிவதற்குப் பொருள் இருக்கிறவரை ஒளி விடும். அது குறையும்போது ஊதிப் பெருத்துச் சிவக்கும்.

"எங்கப்பா பீடியும் முடியப்போறப்ப அப்படித்தான் டீச்சர், செவசெவன்னு!" என்றான் ஜெகன்.

"ஒங்கப்பா பீடிய நட்சத்திரமாக்கிட்டியேடா!" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பு சிரித்தது. மோனிஷா சிரிக்காமல் கையைத் தூக்கினாள்.

"திருவாதிரையும் சாகுமா டீச்சர்?"

"ஆமா. ஒருநாள் வெடிச்சுச் சிதறும். எப்பன்னு யாருக்கும் தெரியாது. லட்சம் வருஷம்கூட ஆகலாம். சிதறுன தூசியில வேற நட்சத்திரங்க பொறக்கும்."

அடுத்த கேள்வியை மோனிஷா வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத்தான் கேட்டாள்.

"அப்பா இன்னொரு தடவையும் சாவாங்களா?"

"அது அப்பா இல்ல தாயி. நீ அழுததப் பாக்க முடியாம அம்மா பொய் சொல்லிட்டேன்."

"அப்ப நான் இம்புட்டு நாளும் யாருகிட்ட பேசுனேன்?"

பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. முதுகைத் தொட்ட அம்மாவின் கையைத் தட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வலட்சுமி கொழுந்தன் சோலையின் வீட்டுக்குப் போனாள். அண்ணனின் பாடைக்குத் தோள் கொடுத்தவன் அவன்.

"ஒங்கண்ணனப் பொதச்ச எடத்தக் காட்டுங்க தம்பி. பிள்ளையும் வரும்."

"பொம்பளைங்க அங்க வரப்புடாது மதினி. நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"கட்டிக்கிட்டப்பவும் பேசுனாங்கள்ல? பேசட்டும்."

சோலை அரிவாளை எடுத்துக்கொண்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் முன்னால் நடந்தான். தேயிலைக்காடு முடிகிற சரிவில், இடுப்பளவு புதரை வெட்டி வழி செய்துகொண்டே போய், ஒரு கல்லின் முன்னால் நின்றான்.

"இங்கனதான்."

மோனிஷா கல்லைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். அழவில்லை.

"தல எந்தப் பக்கம் சித்தப்பா?"

"தெக்கால."

அவள் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போய், ஈர மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து வரச்சொல்லிச் செல்வலட்சுமி கை நீட்டவில்லை. சோலையைக் கூட்டிக்கொண்டு, பிள்ளை அப்பாவிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தது காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப்போய் நின்றாள்.