மிளகுச் சாக்கிலிருந்து வந்த செவ்வாய்க்காரன்

யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன், சத்தியமாக. செவ்வாய் கிரகத்துக்காரன் இன்று காலை மட்டாஞ்சேரியில் செத்துப்போனான்.

பூமியில் அவன் பேர் யூசுப் ராவுத்தர். மிளகு கிடங்கில் சாக்கு தைத்தவன். என் உயிர்...

அறுபதுகள். எங்க ஊர் சினிமாக் கொட்டகையில் இங்கிலீஷ் படம். வேற்றுக்கிரக பூதம் திரும்பி நின்றது... முதுகில் ஜிப்!

யூசுப் என் தொடையில் அடித்தான். "எடா, இதைத் தைச்சவனைவிட நான் நல்லாத் தைப்பேன்டா!"

அந்த ஜிப்பைப் பார்த்துதான் எங்களுக்குப் படம் எடுக்கத் தைரியமே வந்தது.

ஒரு சேட்டு கல்யாணத்துக்கு வந்த கேமராவைக் கெஞ்சி வாங்கினோம். பறக்கும் தட்டு: பிரியாணி அண்டா மூடி. செவ்வாய் பூதம்: யூசுப்.

அவனுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கேமராவைக் கண்டால் வைப்பின் தீவுக்குப் போகும் போட்டில் ஏறி ஓடிவிடுவான். "முகம் தெரியாதுன்னா நடிக்கிறேன்." ஒரே கண்டிஷன்.

உடுப்பும் முகமூடியும் அவனே தைத்தான். எதில்? மிளகுச் சாக்கில்! உதறக்கூட இல்லை, மகான்.

ஆக்‌ஷன் என்றேன். பூதம் தும்மியது.

அந்தத் தும்மலில் வல்லார்பாடம் தீவு தள்ளிப்போனது. துறைமுகத்துக் கப்பலெல்லாம் சங்கு ஊதின. ஆலுவாவில் ரயில் பின்னாடி ஓடியது. முகமூடி பறந்தது.

கிடங்குச் சுவரில் வேட்டி கட்டிப் படம் போட்டோம். தும்மலில் முகமூடி பறக்கும் இடத்தில் ஊரே எழுந்து கைதட்டியது. யூசுப் மட்டும் அசையவில்லை.

"எடா... அது நானா?"

"நீதான்டா. வேண்டாம்னா வெட்டிடறேன்."

"வெட்டாதே. இருக்கட்டும்... இன்னொரு தடவ போடு."

அதற்கப்புறம் எந்த போட்டோவுக்கும் அவன் நிற்கவில்லை. தன் கல்யாணத்தில்கூட. கேட்டால், "அதான் ஒண்ணு இருக்கில்ல" என்பான்.

காலையில் அவன் மகள் ஆயிஷா போனில் அழுதாள். "மாமா, அத்தாவோட இளவயசு முகத்தை நான் பார்த்ததே இல்லையே..."

போய்ட்டு வாடா யூசுப். மேலே எவனாவது ஜிப் தெரிய நின்னா, சரியாத் தைச்சுக் கொடு.

ஆயிஷா... மாமா விடுறதெல்லாம் புளுகுன்னு உனக்குத் தெரியும். கப்பல் புளுகு. ரயில் புளுகு. ஊரே கைதட்டினதும் புளுகு, இருந்தது நாலஞ்சு பேர்.

முகமூடி பறந்தது மட்டும் நிஜம், மோளே. மீதி ரீலெல்லாம் உப்புக்காற்றில் போச்சு. அந்தத் துண்டு மட்டும் என் அலமாரியில் இருக்கு...

அதுல உன் அத்தா தும்மிட்டுச் சிரிக்கிறான். எடுத்துட்டு வர்றேன்.