அக்காவின் லயத்துக்குக் கிடைத்த மரியாதை

ஹட்டனில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைப் படம் என்று ஓடிய பிழைப்பில், ஒருநாள் கொழும்பிலிருந்து பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழு ஒன்று வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களை நான் படம் எடுத்துத் தர வேண்டுமாம். நுவரெலியாவில் துரைமார் குடித்த கிளப்புகள், கந்தப்பளையில் துரைமார் தூங்கிய பங்களாக்கள் என்று எடுத்துத் தள்ளினேன். அவர்கள் குதிரை கட்டிய கொட்டகையைக்கூட விடவில்லை.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில்தான் என் அக்கா குடியிருக்கிறாள். அதற்கும் அதே வயதுதான். அதை இடித்துவிட்டுத் தனித்தனி வீடு கட்டித் தருவதாகத் தோட்டத்தில் சொல்லி, அடிக்கல் நட்டு, அந்தக் கல்லில் பாசியும் பிடித்துவிட்டது. ஒழுகும் கூரையையும் வெடித்த சுவரையும் கொழும்புப் பெரியவர்கள் படத்தில் பார்த்தால் வீடு சீக்கிரம் வரும் என்று கணக்குப் போட்டேன். எதையும் தொடாமல் அப்படியே வைக்கும்படி அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

சொல்லி என்ன? ஆள் வருகிறதென்றால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? நான் போய் இறங்கியபோது திருவிழாவுக்கு அடிப்பதுபோல லயம் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். வெடிப்புகளில் சீமெந்து பூசி, ஒழுகலுக்கு வைக்கும் சட்டிகளை ஒளித்து, வாசலில் கோலமும் போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு அன்றைக்கென்று வெயில் வேறு.

“படம் புடிக்க வர்ற நேரம் வீட்ட அலங்கோலமாவா வச்சிருப்பாங்க? மானம் போயிரும் தம்பி” என்றாள் அக்கா.

படம் அழகாக வந்து தொலைத்தது. குழுத் தலைவர் சொக்கிப்போனார். இவ்வளவு நல்ல நிலையில் ஒரு லயத்தை அவர் பார்த்ததே இல்லையாம். இடிக்கக் கூடாது, ஒரு தகரத்தைக்கூட மாற்றக் கூடாது என்று தோட்டத்தில் பேசி முடித்தார். வீடு கட்டும் செலவு மிச்சம் என்றதும் தோட்டத்து மேனேஜர் துரைக்கும் பழமையின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. சுவரில் ஆணியடித்துப் ‘பாதுகாக்கப்பட்ட கட்டடம்’ என்று பலகை மாட்டினார்கள்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது வெளிநாட்டுப் பயணிகள் இரண்டு பேர் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற அக்கா கட்டடத்தை மறைக்கிறாள் என்று, கூட்டி வந்த கைடு அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கி நனைந்தாள். அவர்கள் படம் எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவள் கைடிடம் மரியாதையாகத்தான் கேட்டாள்.

“முடிஞ்சிருச்சுங்களா? நான் வீட்டுக்குள்ள போகலாமுங்களா?”