ஆறு பத்து ஃபால்-இன்

எண்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து. ஷெட்டுக்குள் பதினேழு பேர்.

தகரக் கூரையில் மழை. கூலன்ட் எண்ணெய் வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து... இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்த வாசனைதான்.

வல்லக்கோட்டை ரோட்டில் எங்கள் ஷெட். மூன்று லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், ஒரு ஜெனரேட்டர். சுற்றிலும் வயல். மழை நாளில் ஷெட்டே ஏரியில் மிதக்கிற மாதிரி இருக்கும்.

ராணுவத்தில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர் எங்கள் மேனேஜர். எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. வயது இருபத்தொன்பது, என்னைவிட ஐந்தே வயது பெரியவர். தினமும் ஆறு பத்துக்கு ஃபால்-இன். எல்லோரையும் நிற்க வைத்து இரண்டே விஷயம் சொல்வார். இன்றைக்கு எது போக வேண்டும், ஏன் போக வேண்டும். எப்படி என்று சொல்லவே மாட்டார்.

எனக்கு எரிச்சலாக வரும். டிப்ளமோ படித்த சூப்பர்வைசர் நான். பத்து நிமிஷம், பதினேழு பேர். தினமும் நூற்றெழுபது நிமிஷம் வீண் என்று கணக்குப் போட்டு அவரிடமே காட்டினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. செங்கல்பட்டில் மனைவிக்குப் பிரசவம். ஷெட் என் பொறுப்பில்.

அன்றைக்குப் போக வேண்டியது நாற்பது பம்ப் ஷாஃப்ட், ட்ரையல் ஆர்டர். மாலை நாலு மணிவரை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வாங்குபவரின் ஆள் காத்திருப்பார். தவறினால் அந்த வேலை வேறு ஊருக்குப் போய்விடும். பொங்கலுக்குள் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

நான் ஃபால்-இன் வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தேன். எந்த மெஷின், எத்தனை ஷாஃப்ட், எத்தனை மணிக்குள். "எழுதியிருக்கிறத மட்டும் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, பழசு தேய்ந்துகொண்டிருந்ததால் ரயில் பார்சலில் வரும் புது கிரைண்டிங் சக்கரத்தை எடுக்க மொபெட்டில் கிளம்பினேன்.

திரும்பும்போது ஏரித் தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது. மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா ஆச்சு?"

லேத் ஓட்டும் டர்னர் தேவசகாயம் எழுந்திருக்கவே இல்லை. "எட்டரைக்கே கரண்டு பூட்ச்சி சார்."

"ஜெனரேட்டர் போட வேண்டியதுதானே?"

"அதுல லேத்த ஓட்டலாம், இல்லாங்காட்டி கிரைண்டிங்க ஓட்டலாம். ரெண்டும் இழுக்காது. எத ஓட்றதுன்னு சீட்டுல இல்லியே."

ஹெல்பர் மணி வாசலில் நின்றபடி சொன்னான். "போன வாரம் நான் கேக்காம ஜெனரேட்டர போட்டேன்னு நீதான சார் அந்தக் கத்து கத்துன? மறுபடி எவன் திட்டு வாங்கறது?"

யாரோ சிரித்தார்கள். மூன்றரை மணி நேரம்... என் நூற்றெழுபது நிமிஷக் கணக்கு ஞாபகம் வந்தது. காது சூடாகிவிட்டது.

நனைந்த சட்டையோடு அப்படியே நின்று சொன்னேன். நாலு மணிக்குள் ஸ்டேஷனில் ஷாஃப்ட் இருக்க வேண்டும், இல்லையென்றால் பொங்கலுக்கு ஷெட் இருக்காது. அவ்வளவுதான். எப்படி என்று எனக்குத் தெரியவும் இல்லை.

"இத காலையிலயே சொல்லிருந்தா இன்னா சார்?" தேவசகாயம் எழுந்தார். "லேத் வேல முக்கால்வாசி முடிஞ்சிது. கிரைண்டிங்க மட்டும் ஓட்டுவோம். முடிஞ்ச வரைக்கும் அனுப்பு."

"தண்ணில மொபெட்டு போவாது. எங்க மாமா வூட்ல டிராக்டர் கீது" என்று மணி அதற்குள் ஓடிவிட்டான்.

நான் புதுச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தேன்.

முப்பத்தொரு ஷாஃப்ட், சாக்கில் சுற்றி, டிராக்டரில். சக்கரங்களுக்கு இருபுறமும் தண்ணீர் விசிறி மாதிரி விரிந்துகொண்டே வந்தது... மூன்று ஐம்பதுக்கு ஸ்டேஷன். அந்த ஆள் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார்.

"மீதி ஒம்பது வெள்ளிக்கிழமை" என்றார்.

மறுநாள் கேப்டன் கற்கண்டோடு வந்தார். பெண் குழந்தை. ஃபால்-இன்னில் அன்றைக்கு அதை மட்டும்தான் சொன்னார்.

இப்போது ஒரகடத்தில் எனக்கென்று சொந்தமாக ஒரு யூனிட். ஏசி ரூம், சுவர் நிறைய ஸ்கிரீன். போன வாரம் பல் டாக்டரிடம் இரண்டு மணி நேரம் போனை அணைத்து வைத்திருந்தேன். திரும்ப ஆன் செய்தால் இருபத்திரண்டு மெசேஜ். எல்லாம் 'சார், அப்ரூவல்?' தான். என் பதிலுக்காக ஒரு மெஷின் லைன் ஓடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

சீட்டு போய் வாட்ஸ்அப் வந்திருக்கிறது. நான் மட்டும் அதே ஆள்...

நாளைக்குச் செய்யப்போவது:

1. ஆறு பத்துக்கு லைன் முன்னால் நிற்பேன். எது, ஏன். இரண்டே வரி.

2. ஜெனரேட்டர் ரூமில் 'கேட்காமல் தொடாதே' போர்டைக் கழற்றுவேன். மாட்டியது நான்தான்.

3. கேட்காமல் எவனாவது தப்பாக முடிவெடுத்தால் கத்த மாட்டேன். கஷ்டம்தான்.

4. போனை டிராயரில் போட்டுவிட்டு வல்லக்கோட்டை ரோட்டில் நடப்பேன். ஷெட் இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நாலு மணிக்கு முன்னால் திரும்ப மாட்டேன்.