வழக்கைத் தள்ளின பிள்ளை

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நான் உயர்ந்த முதல் மாதம் அது. கடைப் பெயர்ப்பலகை வழக்கில் தோற்று மேல்முறையீடு செய்திருந்த பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு முதலாளி ஒருவர், மூன்று நீதிபதிகளில் ஒருத்தியாக என்னைக் கண்டதும் எழுந்து, "பிள்ளை, ஊரிலை எவடம்?" என்று தமிழில் என் சொந்த ஊரைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருடம் சிறிய நீதிமன்றங்களில் உழைத்து இங்கே வந்தது இதற்கா? வழக்கறிஞர் மூலமே பேசும்படி பிரெஞ்சில் அதட்டினேன். பிறகு அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தோம்.

போன சனிக்கிழமை லா சப்பலில் ஒரு கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் அவரே வந்தார். ஏசப்போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். அவரோ கடை முழுவதும் கேட்கும்படி, "என்ரை வழக்கைத் தள்ளின நீதிபதி இவதான். எங்கடை பிள்ளை!" என்றார், வழக்கில் வென்றவரைப் போல.

இந்த முறை அவர் கேட்காமலே என் அப்பாவின் ஊரைச் சொன்னேன்.