இசைவாணியும் மூன்று சதவீதமும்

இசைவாணி என்ன வேலை பார்க்கிறாள் என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் திண்டுக்கல்லில் குறைவு. ஆத்தூரில் கத்தரியும் தக்காளியும் போடுகிற அவளுடைய அப்பா சடையாண்டி, "எம்மக கரண்டு டாக்டரு" என்பார். மாமியார் வீட்டில் "எக்ஸ்ரே எடுக்குது" என்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர், "அப்ப ஈ.பி.யிலயாம்மா?" என்று கேட்டபோது விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல், "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டுப் பந்திக்கு எழுந்து போனாள். அவர் விடவில்லை. தன் தெரு டிரான்ஸ்பார்மரைப் பற்றி ரசம் ஊற்றும் வரைக்கும் முறையிட்டார்.

உண்மையில் அவள் மருத்துவ இயற்பியலாளர். காந்திகிராமத்தில் இயற்பியல் முடித்து, சென்னையில் மேற்கொண்டு படித்து, ஊருக்கே திரும்பி வந்து ஒரு தனியார் புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தவள். அங்கே ஒரு லினாக் இருந்தது. எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு, ஓர் உலோகத் தகட்டில் மோதவைத்து, அதிலிருந்து கிளம்பும் கதிரைப் புற்றுக்கட்டியின் மேல் பாய்ச்சுகிற இயந்திரம். பாடப் புத்தகத்தில் அதற்குத் துகள் முடுக்கி என்று பெயர். நோயாளிகளுக்கு அது வெறும் 'கரண்டு வைக்கிற மிசினு'. யாருக்கு எவ்வளவு கதிர் என்று டாக்டர் முடிவு செய்வார். இயந்திரத்திலிருந்து அதே அளவுதான் வருகிறதா என்று அளந்து சொல்வது இசைவாணியின் பொறுப்பு.

லினாக்கைப் பார்க்க வருகிற கல்லூரி மாணவர்களிடம் அவள் கொஞ்சம் கூடுதலாகவே அளப்பாள். "இந்தச் சுவரப் பாருங்க, ரெண்டு ஆள் படுத்தா எம்புட்டு நீளமோ அம்புட்டு கனம். வெளிய என்ன நடந்தாலும் உள்ள ஒண்ணும் ஆகாது" என்பாள். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்தச் சுவருக்கு உள்ளேயே, இயந்திரத்தைக் குளிர்விக்கிற தண்ணீர்க் குழாயின் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு பிய்த்துக்கொண்டது. உள்ளங்கையில் மூடிக்கொள்ளலாம், அவ்வளவு சின்ன இணைப்பு. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது, கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம், மழையில் நனைந்த எருமை மாதிரி சொட்டிக்கொண்டு நின்றது. இசைவாணி செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதுதான். இத்தனை வருடப் படிப்பு அந்த நேரத்தில் கொடுத்த யோசனை அது ஒன்றுதான் என்று பின்னாளில் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தலைமை டாக்டர் நான்சி வந்து பார்த்தார். "வாணி, இதச் சரி பண்ற வரைக்கும் எல்லாத்தையும் நீயே பாத்துக்க. ஆளு, சாமான், டெஸ்ட் எல்லாம் உன் பொறுப்பு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு, எப்ப ஆரம்பிக்கலாம்?"

"சீக்கிரம் டாக்டர்" என்றாள் இசைவாணி. எந்தக் கணக்கும் இல்லாமல் அவள் வாயிலிருந்து வந்த சொல் அது.

பாதி சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இடைவெளி விழக் கூடாது. அவசரமானவர்களை மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். மற்றவர்கள் தினமும் போன் பண்ணினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "கரண்டு எப்ப வரும்?" டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவள் பதிலைக் கேட்டுவிட்டு, "எங்க ஏரியாவுலயும் நேத்துலருந்து இல்லம்மா" என்று புகார் கொடுத்தார்.

பேச்சாயி போன் பண்ணுகிற ஆள் இல்லை, நேரிலேயே வந்துவிடுவாள். சின்னாளபட்டிப் பக்கம் பூந்தோட்டத்தில் வேலை பார்த்தவள். மார்பில் அறுவை முடிந்து, கதிர்ச் சிகிச்சையில் பாதி ஓடியிருந்தது. மதுரைக்குப் போகச் சொன்னபோது மறுத்துவிட்டாள். "அங்கிட்டெல்லாம் எனக்கு யாரத் தெரியும்? மிசினு நல்லாவட்டும், நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, நல்லாகிவிட்டதா என்று பார்க்க ஒன்று விட்டு ஒருநாள் வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள்.

ரிப்பேருக்கு வந்தவர் இயந்திரக் கம்பெனியின் என்ஜினியர் முகமது யாசின். வேலை கோயமுத்தூரில், சொந்த வீடு இங்கே பேகம்பூரில். அதிகம் பேசாதவர். நனைந்த போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காயவைத்தார், தேறாததை மாற்றினார். கதிரின் அளவை இயந்திரத்துக்குள்ளேயே கண்காணிக்கிற ஒரு சேம்பரும் பழுதாகியிருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

ஆட்களை ஒருங்கிணைக்க இசைவாணி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதற்குப் 'போர்க்கால நடவடிக்கை' என்று பெயரும் வைத்தாள். ஏ.சி. மெக்கானிக் அதில் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். பிளம்பர் கைகூப்பினார். சேம்பர் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கடைசியில் அவளே சென்னை விமான நிலையச் சரக்குப் பிரிவுக்கு அலைந்து பேசி, "துகள் முடுக்கி பாகம்" என்று சொன்னதும் அங்கிருந்தவர் பயந்து மேலதிகாரியிடம் அனுப்ப, "ஆஸ்பத்திரி சாமான் சார்" என்று மாற்றிச் சொல்லி விடுவித்துக் கொண்டுவந்தாள்.

யாசின் சேம்பரைப் பொருத்தினார். கதிர் வந்தது. இனி தரப் பரிசோதனை. அதாவது, இசைவாணியின் ராஜ்ஜியம்.

கதிரைத் தண்ணீரில்தான் அளப்பார்கள், மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர் என்பதால். ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, குறிப்பிட்ட ஆழத்தில் அளக்கும் கருவியை இறக்கி, கதிரைப் பாய்ச்சி, வருகிற எண்ணைத் தண்ணீரின் வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் தக்கபடி திருத்த வேண்டும். முந்தின நாளே தொட்டியை நிரப்பிவைத்திருந்தாள். காலையில் வெப்பமானியைப் பார்த்துக் கணினியில் எண்ணைப் போட்டாள். பிறகு தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, தொட்டியை நேராக்கி, மாடித் தொட்டிக் குழாயிலிருந்து மறுபடி நிரப்பும்போது உச்சி வேளை ஆகிவிட்டது.

அளந்தாள். இருக்க வேண்டியதைவிட மூன்று சதவீதத்துக்கு மேல் குறைவு.

"மேடம், எம் பக்கம் எல்லாம் சரியாத்தான் காட்டுது. இன்னொருக்கா பாத்துருவமா?" என்றார் யாசின்.

இசைவாணிக்குப் பேச்சு பொங்கிவிட்டது. "யாசின் சார், மிசினு பொய் சொல்லும், சாப்ட்வேர் பொய் சொல்லும். தண்ணி பொய் சொல்லாது. நீங்க கூட்டி வைங்க" என்றாள். அறையில் இருந்த டெக்னீஷியன்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தான் சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. யாசின் கூட்டி வைத்தார். மறுபடி அளந்தபோது எண் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

டாக்டர் நான்சி அன்று சாயங்காலமே தொடங்கலாமா என்றார். "நாளைக்குக் காலையில வேற கருவி வச்சு இன்னொரு தடவ அளந்துட்டுத்தான் டாக்டர்" என்றாள் இசைவாணி. அது அவள் எழுதிவைத்த விதி. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் மெச்ச வேண்டும் என்று சேர்த்தது. அதோடு அவளுக்குத் தலையும் வலித்தது.

மறுநாள் காலை நோயாளிகள் வந்துவிட்டார்கள். பேச்சாயி மருத்துவமனை அங்கிக்கு மாறி முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். இசைவாணி வெப்பமானியைப் பார்த்தாள், வேறு கருவியை இறக்கினாள், அளந்தாள்.

மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுதல்.

மறுபடி அளந்தாள். அதே எண். ராத்திரியோடு ராத்திரியாக இயந்திரத்தின் அளவு ஏறிவிட்டது என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோயமுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த யாசினைக் கூப்பிட்டு, "என்ன சார் ரிப்பேர் பண்ணீங்க? ஒரு ராத்திரி தாங்கலயே!" என்று கத்தினாள். அவர் பையோடு திரும்பி வந்தார். இயந்திரத்தின் மூடியைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தார். எங்கும் குறையில்லை. வராண்டாவில் முணுமுணுப்பு எழுந்தது. டாக்டர் நான்சி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"தண்ணிய மாத்திப் பாத்துருவோம்" என்றாள் இசைவாணி, வேறு ஒன்றும் தோன்றாமல். தொட்டியைக் காலிசெய்து, குழாயைப் பிடித்து நிரப்ப ஆரம்பித்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. தண்ணீர் கையில் பட்டது. சுட்டது.

அவள் கையை எடுக்கவில்லை. மாடியில் கறுப்புத் தொட்டி. சித்திரை வெயில். நேற்றும் இதே நேரத்தில், இதே குழாயில்தான் நிரப்பினாள். காலையில் ஆறியிருந்த தண்ணீருக்குப் பார்த்த வெப்பநிலையை அப்படியே வைத்துக்கொண்டு, இந்தக் கொதிக்கிற தண்ணீரில் அளந்திருக்கிறாள். பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் மூன்று சதவீதம் போய்விடும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள்தான். இயந்திரம் நேற்றே சரியாக இருந்திருக்கிறது. அதைக் கெடுத்து வைத்தது இவள்.

குழாயை மூடினாள். யாசின் தரையில் உட்கார்ந்து ஸ்குரூகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாசின் சார்."

"சொல்லுங்க மேடம்."

"மிசினு மேல தப்பில்ல. எம்மேலதான். நேத்து தண்ணி சூடு. நான் டெம்பரேச்சர மாத்தல."

யாசின் எழுந்து வந்து தொட்டியில் விரலை வைத்துப் பார்த்தார். "தண்ணி பொய் சொல்லல மேடம். நாமதான் அதுகிட்ட கேக்கல" என்றார். இசைவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, தும்மலாக முடிந்தது. "காலையில கத்துனதுக்கு மன்னிச்சுக்கங்க சார்" என்றாள். "எங்க அம்மா இதவிடச் சத்தமாப் பேசும்" என்று சொல்லிவிட்டு, அவர் நேற்றுக் கூட்டியதைக் குறைக்கப் போனார்.

டாக்டர் நான்சியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, "நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சிருந்தா?"

"எல்லாருக்கும் மூணு சதவீதம் கூடுதலாப் போயிருக்கும் டாக்டர்."

நான்சி நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல வேளை, நீ பிடிவாதமா நின்ன."

பாராட்டை வாங்கிக்கொள்ள இசைவாணிக்கு மனம் வரவில்லை. தப்பு செய்ததும் அதைப் பிடித்ததும் ஒரே ஆள். தலைவலியும், அதிகாரிகள் மெச்ச எழுதிய விதியும் சேர்ந்து காப்பாற்றிய பிடிவாதம். "இனிமே ரெண்டாவது தடவ நான் அளக்கக் கூடாது டாக்டர். மதுரையிலருந்து யாரயாச்சும் வரச் சொல்லுவோம். என் தப்ப நானே பிடிக்கிறது எல்லா நாளும் நடக்காது" என்றாள். நான்சி சரி என்று தலையாட்டி, மதுரைக்குப் போன் போட்டார். அங்கிருந்து ஒருவர் தன் கருவிகளோடு மதியமே கிளம்பினார்.

வராண்டாவில் காத்திருந்தவர்களிடமும் சொல்ல வேண்டியிருந்தது. மென்பொருள் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள்.

"நான் அளந்ததுல ஒரு தப்பு. தண்ணி ஆறுனதும், வேற ஒருத்தர் வந்து அளந்து பாத்ததும் ஆரம்பிச்சுருவோம். செத்த நேரம் பொறுத்துக்கங்க" என்றாள்.

"தண்ணி ஆறணுமா?" என்று கேட்டாள் பேச்சாயி. "இம்புட்டுப் பெரிய மிசினுக்கு வெந்நி ஆகாதா தாயி?"

"மிசினுக்கு ஆகும் ஆத்தா. எனக்குத்தான் ஆகல."

வராண்டாவே சிரித்தது. யாரோ, ஐஸ் வாங்கிவந்து போட்டால் சீக்கிரம் ஆறுமே என்று யோசனை சொன்னார். தொட்டி முழுக்க ஒரே சூடாக இருக்க வேண்டும் என்று இசைவாணி விளக்கினாள். பாதிப் பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் மதுரைக்காரர் தனியாக அளந்தார். இசைவாணி அறைக்கு வெளியே நின்றுகொண்டாள். அவர் எண்ணைச் சொன்னபோது அது வர வேண்டிய இடத்தில் வந்திருந்தது.

பேச்சாயியைப் படுக்கவைத்து, உடம்பில் வரைந்திருந்த கோடுகளைச் சரிபார்த்து, கனமான கதவை மூடிவிட்டு இசைவாணி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கேமராவில் பேச்சாயி ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்தபடி அசையாமல் கிடந்தாள். இயந்திரம் ஒரு முறை முனகி, கதிரைப் பாய்ச்சியது. எண்கள் ஓடி நின்றன.

கதவு திறந்ததும் பேச்சாயி எழுந்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் அங்கியின் மேல் சேலைத் தலைப்பைத் தேடினாள். "முடிஞ்சுருச்சா? ஒண்ணுமே தெரியலயே."

"தெரியக் கூடாது ஆத்தா" என்றாள் இசைவாணி. "நாளைக்கும் வாங்க."

"வாராம?" என்று சொல்லிவிட்டுப் பேச்சாயி சேலைக்கு மாறிக்கொண்டு சின்னாளபட்டி பஸ்ஸுக்கு நடையைக் கட்டினாள். இசைவாணி அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாள்.