தோள் நழுவியவள்

என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே மூட்டுகள் தளர்வு. கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்ட வைப்பாள். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் அதைச் செய்துகாட்டச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ரப்பர் பால் வாளியைத் தூக்கும்போது சில நாள் தோள் நழுவிவிடும். மெல்ல இழுத்துப் பொருத்த நான் பழகியிருந்தேன்.

பயம் பிறகுதான் வந்தது. ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் என் சட்டையைப் பிடித்தாள்.

"நெஞ்சு அடிச்சுக்குதுங்க. செத்துருவேன் போல இருக்கு."

உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகத் தணிந்தது. அதற்குப் பிறகு காரணமே இல்லாமல் அடிக்கடி வந்தது. வேலைக்குக் கள்ளம் என்றார் கங்காணி. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் நாடி பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போ" என்றார்.

குளுவாங் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப்போனேன். வண்டி கிளம்பியதுமே அவளுக்கு வந்துவிட்டது. இறங்கும்வரை என் கையை விடவில்லை.

அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அவள் விரல்களை வளைத்துப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார்.

"இப்பிடி மூட்டுத் தளர்ந்த ஆக்கள் சிலருக்கு இந்தப் பயமும் வாறதைப் பார்த்திருக்கிறன். ஏனெண்டு எனக்குத் தெரியாது."

"மருந்து இருக்குங்களா ஐயா?"

"இதுக்கெண்டு மருந்து இல்லை."

வெளியே வந்ததும் அவள், "நான் நடிக்கலைன்னு அவருக்காவது தெரியுதே" என்றாள். ஆனால் திரும்ப ரயில் ஏற மறுத்துவிட்டாள். நடந்தோம். பாதி வழியில் கணுக்கால் பிசகியது. உட்கார வைத்து நீவிவிட்டேன். அங்கேயே நெஞ்சும் படபடக்கத் தொடங்கியது. மழை வேறு. தோள் என்றால் பிடித்து இழுக்கலாம், இதை எங்கே பிடிப்பது? அவள் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடி உட்கார்ந்திருந்தேன். இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் லயம் வந்து சேர்ந்தோம்.

கொஞ்ச நாளில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் தனியாக இருந்தாள்.

மரம் சீவும்போது, இந்நேரம் அவளுக்கு வந்திருக்குமோ என்று தோன்றும். பால் எடுத்து முடிக்காமல் ரப்பர்க் காட்டைவிட்டு வர முடியாது. அடுத்த மரத்துக்குப் போவேன்.